சென்ட்ரிங் எப்போ பிரிக்கணும்? அக்ரிமென்ட்ல யாரும் எழுதாத ஒரு தேதி



வீடு கட்டப் போறீங்களா? கான்ட்ராக்டர் கொடுத்த கொட்டேஷனை எடுத்து மேலிருந்து கீழ வரைக்கும் ஒரு தடவை படிங்க. சிமென்ட் இருக்கும், கம்பி இருக்கும், எம்-சாண்ட், செங்கல், டைல்ஸ், வயரிங் எல்லாம் இருக்கும். இதெல்லாம் கடைசி வரைக்கும் உங்க வீட்டுலேயே இருக்கப் போற பொருட்கள். கிரகப்பிரவேசத்துக்கு வர்ற மாமா கூட தட்டிப் பார்த்து "நல்ல டைல்ஸ்தான் மாப்ள"ன்னு சொல்லுவார்.

ஒரே ஒரு வரி மட்டும் வேற மாதிரி. அதுக்கும் நீங்கதான் பணம் கொடுக்கறீங்க. ஆனா வேலை முடிஞ்சதும் அது டாட்டா ஏஸ்ல ஏறி அடுத்த தெருவுக்குப் போயிடும். அதுதான் சென்ட்ரிங்.

வீட்டுல தங்காத பொருள்தானேன்னு நம்ம யாரும் அதைப் பத்தி ரெண்டாவது கேள்வி கேக்குறதே இல்லை. டைல்ஸுக்கு நாலு கடை ஏறி இறங்குவோம். சென்ட்ரிங்குக்கு "அது மேஸ்திரி பார்த்துக்குவார்". உண்மையில் பெரிய கட்டடங்களில் கான்கிரீட் வேலைச் செலவுல மூணில் ஒரு பங்குக்கு மேல இந்த தற்காலிக அச்சுக்கும், முட்டுக்கும், அதை அடிச்சுப் பிரிக்கிற கூலிக்குமே போகும்னு கட்டுமானத் துறையில் கணக்கு சொல்வாங்க. நம்ம 1,000 சதுர அடி வீட்டுக்கும் அது சின்னத் தொகை இல்லை. ஆனா இந்தப் பதிவு தொகையைப் பத்தினது மட்டும் இல்லை. அந்த ஷீட்டும் முட்டும் உங்க கூரைக்குக் கீழ எத்தனை நாள் நிக்கணும், அந்த நாளை யார் முடிவு பண்றாங்க, அதுக்கு என்ன செலவு, இதுதான் இன்னைக்கு விஷயம்.

முதல்ல, இது என்ன வேலை பண்ணுது?

கான்கிரீட் ஊத்தும்போது அது குழம்பு மாதிரி. அதுக்குன்னு ஒரு உருவம் கிடையாது. இறுகி தன் எடையைத் தானே தாங்குற வரைக்கும் யாராவது பிடிச்சுக்கணும். கீழ பலகை அல்லது இரும்பு ஷீட், அதுக்குக் கீழ குறுக்குச் சட்டம் அல்லது ஸ்பேன், அதையும் தாங்க சவுக்குக் கட்டை அல்லது இரும்பு ஜாக்கி. இந்த மொத்த ஏற்பாட்டுக்கும் நம்ம ஊர்ல ஒரே பேர், சென்ட்ரிங்.

பேர் வந்த கதையும் சுவாரசியமானது. அந்தக் காலத்துல செங்கல்லுலயும் கல்லுலயும் வளைவு கட்டும்போது, அடியில வளைவான மரச் சட்டம் ஒண்ணு நிறுத்துவாங்க. கடைசிக் கல் உட்கார்ந்ததும் சட்டத்தை உருவிடுவாங்க. வெள்ளைக்காரங்க அந்தச் சட்டத்தைச் சொன்ன வார்த்தைதான் சென்ட்ரிங். இப்போ தட்டையான கூரைக்கும் அதே பேர் ஒட்டிக்கிச்சு.

ஸ்ரீரங்கத்துல உத்தர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் வீதிப் பக்கம் இன்னும் மிச்சம் இருக்கிற பழைய வீடுகளுக்குள்ள போய் அண்ணாந்து பாருங்க. சிலதுல மர உத்திரத்து மேல சின்னச் சின்ன செங்கல்லைக் குத்துக்கல்லா, சாய்வாட்டம் வரிசை வரிசையா வெச்சிருப்பாங்க. மெட்ராஸ் டெரஸ்னு சொல்ற கூரை அது. சுண்ணாம்புச் சாந்துல ஒரு வரிசை பிடிச்சதும் அடுத்த வரிசை அதுமேல ஒட்டிக்கிட்டு நகரும். அடியில பலகையே வேண்டாம், முட்டும் வேண்டாம். கோயில் மண்டபத்துல கல் தூணுக்கு மேல கல் பலகை ஏத்தினாலும் அதே கதைதான், கல் ஏற்கெனவே கெட்டியான பொருள். அதாவது நம்ம தாத்தா காலத்து வீட்டுக் கணக்குல சென்ட்ரிங்னு ஒரு செலவே கிடையாது. திருச்சிக்குப் பக்கத்துல டால்மியாபுரத்துல 1939-ல் சிமென்ட் ஆலை வந்தாச்சு. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கான்கிரீட் தளம்தான் வீடுன்னு ஆயிடுச்சு. கூடவே இந்த வாடகைப் பொருளும் வந்து சேர்ந்தது.

எவ்வளவு எடையைத் தாங்குது தெரியுமா? 1,000 சதுர அடி, 5 அங்குல கனம்னு வெச்சா சுமார் 11.6 கன மீட்டர் கான்கிரீட். கம்பியோட சேர்த்து ஒரு கன மீட்டர் இரண்டரை டன். மொத்தம் 29 டன். ஒரு கோயில் யானை மூணரை டன்னுன்னு வெச்சுக்கிட்டா எட்டு யானை. எட்டு யானை உங்க ஹால், பெட்ரூம், கிச்சன் மேல ஒரே நாள்ல ஏறி நிக்குது. அதைத் தாங்குறது உங்க சுவரும் தூணும் இல்லை. நூத்துக்கணக்கான சவுக்குக் கட்டையும் ஜாக்கியும்தான். போதாததுக்கு மேல ஆளுங்க, வைப்ரேட்டர், சட்டி, கூச்சல்!

தீவுப் பக்கம் கட்டுறவங்களுக்கு இங்கயே ஒரு எச்சரிக்கை. ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் பகுதி காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்கிற ஆத்து மண்ணு. அதுக்கு மேல பேஸ்மென்ட்டுக்குள்ள நீங்க கொட்டி நிரப்பினதும் புது மண்ணு. தரைத்தளக் கூரைக்கான முட்டு எல்லாம் அந்தப் புது மண்ணு மேலதான் நிக்குது. தண்ணி விட்டு நல்லா திமிசு போடாத மண்ணுல சவுக்குக் கட்டையை நேரா நிறுத்தினா, எடை ஏறும்போது அது அரை அங்குலம், ஒரு அங்குலம் இறங்கும். கூரையும் அந்த இடத்துல தொங்கும். ஒவ்வொரு முட்டுக்குக் கீழயும் பலகைத் துண்டு இருக்கான்னு கான்கிரீட்டுக்கு முன்னாடி நாள் சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சு வந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. செங்கல்லை ரெண்டு மூணா அடுக்கி அதுமேல முட்டு நிறுத்தியிருந்தா ஒத்துக்காதீங்க.

கொட்டேஷன்ல இது எங்க ஒளிஞ்சிருக்கு?

மெட்டீரியலோட சேர்த்து சதுர அடிக்கு இவ்வளவுன்னு மொத்த கான்ட்ராக்ட் கொடுத்தா, சென்ட்ரிங் அதுக்குள்ளயே அடக்கம். தனியா தெரியாது. லேபர் கான்ட்ராக்ட்டா விட்டா, சென்ட்ரிங்குக்கும் கம்பி கட்டுறதுக்கும் தனி ரேட் பேசுவாங்க. மூணாவது வகை, நீங்களே பொருளை நாள் வாடகைக்கு எடுத்து ஆளை மட்டும் வெச்சுக்கிறது. வேலைக்குப் போற நம்மளுக்கு இந்த மூணாவது வழி சரிப்படாதுன்னு நான் நினைக்கிறேன். கிளாம்ப், ஜாக்கி எண்ணி வாங்கி எண்ணித் திருப்பிக் கொடுக்கணும், குறைஞ்சா காசு பிடிப்பாங்க. அதுக்கு யார் சைட்ல உட்கார்ந்திருப்பாங்க?

தனி ரேட் பேசும்போது கேக்க வேண்டிய கேள்வி ரேட் எவ்வளவுங்கறது இல்லை, அளவு எப்படிங்கறது. முறையான அளவுன்னா, கான்கிரீட்டைத் தொடுற பலகையோட பரப்பு. ஆனா வீட்டு வேலையில பெரும்பாலும் கூரையோட நீள அகலத்தைப் பெருக்கித்தான் பேசுவாங்க. ஒரு கணக்கு போடுவோம். கூரை 1,000 சதுர அடி. அதுக்குள்ள 100 அடி நீளத்துக்கு பீம் ஓடுது, தளத்துக்குக் கீழ ஒரு அடி ஆழம் தொங்குது. பீமோட ரெண்டு பக்கமும் பலகை அடிக்கணும். 100 × 2 × 1, இன்னும் 200 சதுர அடி. பேசும்போது 1,000, பில்லுல 1,200. ரேட் மாறவே இல்லை, செலவு 20 சதவீதம் ஏறிடுச்சு. சன்ஷேடு, லிண்டல், லாஃப்ட், மாடிப்படி இதெல்லாம் இன்னும் தனி. யாரும் ஏமாத்தலை. நீங்க கேக்கலை, அவர் சொல்லலை, அவ்வளவுதான். ரேட் பேசுற அன்னைக்கே எதெல்லாம் சேர்ந்ததுன்னு பேப்பர்ல எழுதி வாங்குங்க.

இதோட இன்னொண்ணு. அந்த ரேட்டுக்கு பொருள் எத்தனை நாள் சைட்ல நிக்கும்? இந்தக் கேள்விக்குத்தான் பெரும்பாலான அக்ரிமென்ட்ல பதிலே இருக்காது.

சீக்கிரம் பிரிச்சா யாருக்கு லாபம்?

பொருளாதாரம் ரொம்ப எளிமையானது. சென்ட்ரிங்காரர் கிட்ட இருக்கிறது ஒரு செட்டோ ரெண்டு செட்டோ. ஷீட்டும் ஜாக்கியும் வாங்கக் கடன் வாங்கியிருப்பார். உங்க வீட்டுக்கு அவருக்குக் கிடைக்கிற தொகை ஏற்கெனவே பேசி முடிச்சாச்சு. செட் உங்க வீட்டுல 7 நாள் நின்னாலும் 21 நாள் நின்னாலும் அதே தொகை. அப்போ ஒவ்வொரு நாளும் அவருக்கு அடுத்த சைட்டோட வருமானம் போகுது. அவர் இடத்துல நீங்களும் நானும் இருந்தாலும் சீக்கிரம் பிரிக்கத்தான் பார்ப்போம்.

கான்ட்ராக்டருக்கும் அவசரம். முட்டுக்காடா இருக்கிற வீட்டுக்குள்ள பூச்சு வேலை ஓடாது, அடுத்த தவணைப் பணம் வராது. உங்களுக்கும் அவசரம். பேங்க் வட்டி ஓடுது, வாடகை ஓடுது. ஆடி, புரட்டாசி, மார்கழியில கிரகப்பிரவேசம் வைக்க முடியாது, தை முகூர்த்தத்துக்குள்ள முடிக்கணும்னு அம்மா நாள் குறிச்சு வெச்சிருப்பாங்க. ஆக சைட்ல இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் முட்டை உருவுறதுல ஒரு லாபம் இருக்கு. காத்திருக்கச் சொல்ற ஒரே ஆள் அந்த கான்கிரீட். அதுக்கு வாய் கிடையாது.

கான்கிரீட் சார்பா பேசுறதுக்கு ஒரு புத்தகம் இருக்கு. ஐ.எஸ். 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, இந்தியத் தர நிர்ணயத்தோட கான்கிரீட் விதி. அதுல குறைந்தபட்ச நாள் கணக்கு இப்படி: தூண், சுவர், பீமோட பக்கப் பலகை 16 முதல் 24 மணி நேரத்துல எடுக்கலாம், ஏன்னா அது எடையைத் தாங்கலை. தளத்தோட அடி ஷீட்டை 3 நாள்ல எடுக்கலாம், ஆனா உடனே முட்டைத் திரும்ப நிறுத்தணும். பீமோட அடிப் பலகை அதே நிபந்தனையோட 7 நாள். முட்டை மொத்தமா எடுக்கணும்னா, தளத்தோட ஸ்பான் நாலரை மீட்டர் வரைக்கும், அதாவது 15 அடிக்குக் கொஞ்சம் குறைவா இருந்தா 7 நாள், அதுக்கு மேல போனா 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரைக்கும் 14 நாள், அதுக்கு மேல 21 நாள்.

"நம்ம ரூம் எல்லாம் 10-க்கு 12 தானே, அப்போ 7 நாள் போதும்"னு மேஸ்திரி சொல்லலாம். தளத்துக்கு அது சரி. ஆனா அந்தத் தளம் உட்கார்ந்திருக்கிற பீமும் அதே நாள்ல போட்டதுதான். அதுக்கு 14 நாள். பீம் இருக்கிற வீட்டுக்கு நடைமுறையில 14-தான் கணக்கு.

இன்னொரு நிபந்தனை இந்த அட்டவணையிலேயே இருக்கு, சைட்ல யாரும் சொல்ல மாட்டாங்க. இந்த நாள் கணக்கு எல்லாம் ஓ.பி.சி. சிமென்ட்டுக்கு. நம்ம வீட்டுக்கு வர்ற மூட்டையில பெரும்பாலும் பி.பி.சி.ன்னு போட்டிருக்கும். (செய்தி சேனல் இல்லை, போர்ட்லண்ட் பொசொலானா சிமென்ட். அனல் மின் நிலையச் சாம்பல் கலந்தது.) நல்ல சிமென்ட்தான், நாள்பட வலுவும் சரியா வரும். ஆனா முதல் சில நாள் மெதுவா ஏறும். ஓ.பி.சி. போட்ட கான்கிரீட் 7 நாள்ல தன் 28 நாள் வலுவுல சுமார் மூணில் ரெண்டு பங்கைத் தொடும்னா, பி.பி.சி. அதுக்குப் பின்னாடிதான் நிக்கும். அதனால மூட்டையைப் பார்த்துட்டு எத்தனை நாள் கூட்டணும்னு உங்க என்ஜினியர் கிட்ட கேளுங்க.

தண்ணி விடுறதும் இதோட சேர்ந்ததுதான். ஓ.பி.சி.க்குக் குறைஞ்சது 7 நாள், கலப்பு சிமென்ட்டுக்கும் வறண்ட வெயிலுக்கும் குறைஞ்சது 10 நாள், கலப்பு சிமென்ட்டுன்னா 14 வரைக்கும் போங்கன்னு அதே புத்தகம் சொல்லுது. திருச்சி சித்திரை வெயில்ல மொட்டை மாடியில பாத்தி கட்டின தண்ணி எவ்வளவு நேரம் நிக்கும்னு உங்களுக்கே தெரியும். காலைல ஆபீஸ் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவைன்னு விட்டா பத்தாது. பகல்ல காயாம பார்த்துக்க ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுங்க. தண்ணி இல்லாத கான்கிரீட்டுக்கு நாள் கணக்கு செல்லாது.

ஒரு வாரம் காத்திருக்க எவ்வளவு ஆகும்?

இப்போ நம்ம சேனலோட வேலைக்கு வருவோம். கணக்கு போடலாம். இதெல்லாம் உதாரணத்துக்கு நான் எடுத்துக்கிட்ட நம்பர், உங்க நம்பரைப் போட்டுப் பாருங்க.

40 லட்சம் லோன் சாங்ஷன், கூரை ஸ்டேஜ் வரைக்கும் 24 லட்சம் வாங்கியாச்சு, வட்டி எட்டரை சதவீதம். ஒரு நாள் வட்டி சுமார் 560 ரூபாய். இப்போ இருக்கிற வீட்டு வாடகை மாசம் 12,000, ஒரு நாளைக்கு 400. சென்ட்ரிங் பொருளைக் கூடுதலா நிறுத்தி வைக்க சதுர அடிக்கு நாள் ஒண்ணுக்கு ஒரு ரூபாய்னு பேசினா, 1,000 சதுர அடிக்கு 1,000 ரூபாய். மொத்தம் ஒரு நாளைக்கு 1,960. ஏழு நாளுக்கு 13,720.

30 லட்சத்துல முடியற வீடுன்னா இது அரை சதவீதம் கூட இல்லை. மாடுலர் கிச்சன்ல ஒரு டிராயர் கூட்டினா போற பணம். அதுவும் இது மோசமான கணக்கு. ஏன்னா அந்த ஏழு நாள்ல வேலை நிக்காது. கைப்பிடிச் சுவர், காம்பவுண்ட், சம்ப், செப்டிக் டேங்க், வெளிப்பக்க வேலைன்னு ஓட்டலாம். வேலையை அப்படி மாத்தி அடுக்கினா வட்டியும் வாடகையும் கூடுதல் செலவாவே ஆகாது. மிச்சம் சென்ட்ரிங் வாடகை மட்டும்தான்.

எதிர்ப்பக்கம் என்ன? சீக்கிரம் பிரிச்சா எல்லா வீடும் இடிஞ்சு விழாது. அதுதான் சிக்கலே! "நான் 20 வருஷமா ஆறாம் நாள் பிரிக்கிறேன், ஒண்ணும் ஆகலை"ன்னு சொல்றவர் பொய் சொல்லலை. ஆனா இளம் கான்கிரீட் தாங்க முடியாம நடுவுல கொஞ்சம் தொய்யும். அந்தத் தொய்வு பிறகு நிமிராது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், மழைத் தண்ணி இறங்கும், சில வருஷம் கழிச்சு கம்பி துருப்பிடிச்சு சிமென்ட் பெயர்ந்து விழும். அப்போ கான்ட்ராக்டர் வேற ஊர்ல இருப்பார், நீங்க இ.எம்.ஐ. கட்டிக்கிட்டு இருப்பீங்க. 20 வருஷ லோன்ல நாலாவது வருஷமே கூரைக்குச் செலவு பண்றது எவ்வளவு கடுப்பான விஷயம்னு யோசிங்க.

நவல்பட்டு ஐ.டி. பார்க்ல வேலை பார்க்கிற என் நண்பர் ஒருத்தர் திருவானைக்காவல் பக்கம் கட்டினார். ஏழாம் நாள் காலையில சென்ட்ரிங் ஆளுங்க வண்டியோட வந்து நின்னாங்க, அடுத்த சைட்ல முகூர்த்தம்னு. இவர் சண்டை போடலை. "அண்ணே, இன்னும் ஒரு வாரம் நிக்கட்டும், உங்களுக்கு நஷ்டம் வேண்டாம், நாள் வாடகை தர்றேன்"னு பேசினார். முதல்ல முடியாதுன்னவங்க, தொகையைக் கையில கொடுத்ததும் அந்த சைட்டுக்கு வேற இடத்துல இருந்து பொருள் எடுத்துக்கிட்டாங்க. பேசி முடிக்க அரை மணி நேரம். இதையே முதல்லயே அக்ரிமென்ட்ல எழுதியிருந்தா அந்த அரை மணி நேரமும் மிச்சம், ரேட்டும் குறைச்சலாப் பேசியிருக்கலாம்.

மாடி போடும்போது கீழ பாருங்க

தரைத்தளமும் முதல் மாடியும் ஒரே மூச்சுல கட்டுறவங்களுக்கு இந்தப் பகுதி. முதல் மாடிக் கூரைக்கான முட்டு எல்லாம் எதுமேல நிக்கும்? தரைத்தளக் கூரை மேல. அந்தக் கூரையை எதுக்காக டிசைன் பண்ணியிருக்காங்க? வீட்டுல ஆள் நடமாட, கட்டில் பீரோ வைக்க, சதுர அடிக்குச் சுமார் 19 கிலோ. டைல்ஸ், சாந்துக்கு ஒரு 10 கிலோ. சேர்த்து 29 கிலோ பக்கம். மேல ஊத்துற ஈரக் கான்கிரீட் மட்டுமே சதுர அடிக்கு 29, 30 கிலோ. அதுக்கு மேல ஷீட், முட்டு, ஆளுங்க, மெஷின். அதாவது உங்க வீட்டுத் தளம் வாழ்நாள்ல பார்க்கப் போற பெரிய சுமை நீங்க குடி போன பிறகு வர்றது இல்லை. மாடி கான்கிரீட் போடுற அந்த ஒரு நாள்தான். அன்னைக்கு அதுக்கு வயசு ஒரு மாசம் கூட ஆகியிருக்காது.

இதைச் சரியாப் பார்க்காததோட விலை பெருசா தெரிஞ்ச சம்பவம் ஒண்ணு. அமெரிக்காவுல வர்ஜீனியா மாநிலம், பெய்லிஸ் கிராஸ்ரோட்ஸ்ங்கற இடம், 1973 மார்ச் 2. கட்டிக்கிட்டு இருந்த அடுக்குமாடியில 24-ஆவது தளத்துக்கு கான்கிரீட் ஊத்திக்கிட்டு இருக்காங்க. அதுக்குக் கீழ 23-ஆவது தளம் இன்னும் போதுமான வலு பெறலை, ஆனா அதைத் தாங்கின முட்டுகளை எடுத்துட்டாங்க. 23 உடைஞ்சு 22 மேல விழுந்தது, அது 21 மேல, அப்படியே தரை வரைக்கும். 14 தொழிலாளர்கள் செத்துப் போனாங்க. கான்கிரீட்டுல பெரிய மோசம் இல்லை, முட்டு எடுத்த நேரம்தான் காரணம்னு அந்நாட்டு அரசு ஆய்வு நிறுவனம் விசாரிச்சுச் சொல்லுச்சு.

நம்ம வீடு ரெண்டு தளம்தான், அதனால பயப்பட வேண்டாம். ஆனா பாடம் அதேதான். மாடிக் கூரை போடுற அன்னைக்குக் கீழ ஹால்லயும் பெரிய ரூம்லயும் மேல இருக்கிற முட்டுக்கு நேர் கீழ வர்ற மாதிரி முட்டு நிக்கணும். எத்தனை, எத்தனை நாளுக்குன்னு என்ஜினியர் சொல்லணும். "கீழ பூச்சு வேலை ஆரம்பிச்சாச்சு சார், முட்டு வெச்சா அழுக்காயிடும்"ங்கற பதிலை ஏத்துக்காதீங்க.

பால்கனி, சன்ஷேடு மாதிரி ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள பகுதிக்குப் பிரிக்கிற வரிசையே வேற. வெளி நுனியில ஆரம்பிச்சு சுவர்ப் பக்கம் வரணும். சாதாரண தளத்துக்கு நடுவுல ஆரம்பிச்சு ஓரத்துக்குப் போகணும். பால்கனியில சுவர்ப் பக்க முட்டை முதல்ல உருவிட்டு நுனியில முட்டை விட்டு வெச்சா, அது ரெண்டு பக்கமும் தாங்கின தளம் மாதிரி நடுவுல வளையப் பார்க்கும். அதுக்கான கம்பி அடியில இருக்காது, ஏன்னா பால்கனிக்கு முக்கியக் கம்பி மேல் பக்கம். (கான்கிரீட் போடும்போது ஆளுங்க மிதிச்சு மிதிச்சு அந்த மேல் கம்பி கீழ இறங்கிடும், அதையும் பார்த்துக்குங்க. அது தனி வீடியோவுக்கான விஷயம்.)

பிரிச்ச அன்னைக்கு நீங்க சைட்ல இருக்கணும்

கான்கிரீட் போடுற அன்னைக்கு எல்லாரும் லீவு போட்டு சைட்ல நிப்போம், கேசரி, டீ எல்லாம் வாங்கிக் கொடுப்போம். போட்டோ போட்டு ஸ்டேட்டஸ் வைப்போம். நான் சொல்றது, ஒரே ஒரு லீவுதான் கிடைக்கும்னா அதைப் பிரிக்கிற அன்னைக்கு வெச்சுக்குங்க.

ஷீட் எடுத்ததும் கூரையோட அடிப்பக்கம் முதல் தடவையா கண்ணுக்குத் தெரியும். ஷீட் இணைப்புல இடுக்கு இருந்தா சிமென்ட் பால் ஒழுகி, ஜல்லி மட்டும் தெரியற இடம் இருக்கும். தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா. எங்கயாவது கம்பியே வெளியே தெரியலாம். கம்பிக்குக் கீழ கவர் பிளாக் வைக்காம விட்டா அப்படித்தான் ஆகும். தளத்துக்குக் குறைஞ்சது 20 மி.மீ. மறைப்பு வேணும், அந்த பிளாக் விலை ரொம்ப அற்பம். பீமும் தூணும் சேர்ற இடத்தை முதல்ல பாருங்க, கம்பி நெரிசல்ல கான்கிரீட் இறங்காத இடம் பெரும்பாலும் அதுதான்.

இதையெல்லாம் மறைக்க ஒரு சட்டி கலவையும் பத்து நிமிஷமும் போதும். மறுநாள் நீங்க வந்து பார்க்கும்போது எல்லாம் வழுவழுன்னு இருக்கும். அதனால கையால தொடுறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, என்ஜினியர் பார்த்துட்டு எப்படிச் சரி பண்றதுன்னு சொல்லட்டும். சின்ன இடம்னா சரியான முறையில அடைச்சுடலாம், பயப்பட ஒண்ணும் இல்லை.

பணத்தை இங்கதான் கட்டணும். பெரும்பாலான பேமென்ட் ஷெட்யூல்ல "கூரை கான்கிரீட் முடிந்ததும்" ஒரு பெரிய தவணை இருக்கும். பேங்க்கும் அந்த ஸ்டேஜ்ல வந்து பார்த்துட்டு பணம் விடுவாங்க. அந்தத் தவணையை ரெண்டாப் பிரிச்சுடுங்க. பெரிய பாதி கான்கிரீட் போட்டதும். மீதி, முட்டு பிரிச்சு அடிப்பக்கம் பார்த்த பிறகு. கான்ட்ராக்டர் முகம் சுளிச்சா, மொத்தத் தொகை அப்படியே இருக்கு, தேதி மட்டும்தான் ரெண்டா ஆகுதுன்னு சொல்லுங்க. நியாயமானவர் ஒத்துக்குவார்.

அக்ரிமென்ட்ல சேர்க்க ஒரு பத்தி கீழ தர்றேன். நாள் எண்ணிக்கையை உங்க என்ஜினியரைக் கேட்டு மாத்திக்குங்க.

"கூரைத் தளம் மற்றும் பீம்களுக்கான முட்டுகள் கான்கிரீட் போட்ட நாளிலிருந்து ____ நாட்களுக்கு முன் அகற்றப்படாது. அகற்றும் நாள் உரிமையாளருக்கு 2 நாட்கள் முன்னதாகத் தெரிவிக்கப்படும். பொறியாளர் அடிப்பக்கத்தைப் பார்வையிடும் முன் பூச்சு அல்லது ஒட்டு வேலை எதுவும் செய்யப்படாது. மேற்குறித்த நாட்கள் வரை சென்ட்ரிங் வாடகை ஒப்பந்தத் தொகையில் அடங்கும். உரிமையாளர் கேட்டு அதற்கு மேல் நிறுத்தினால் சதுர அடிக்கு நாளொன்றுக்கு ரூ. ____ கூடுதலாக வழங்கப்படும். சென்ட்ரிங் அளவில் பீம் பக்கங்கள், சன்ஷேடு, லிண்டல், லாஃப்ட், படிக்கட்டு சேரும் / சேராது."

கடைசி வரியில ஒண்ணை அடிச்சுடுங்க, ரெண்டையும் அப்படியே விட்டுடாதீங்க. கான்கிரீட் போட்ட அன்னைக்குச் சாயங்காலம், வாசல் பக்கத் தூணுல தேதியையும் பிரிக்க வேண்டிய தேதியையும் சாக்பீஸ்ல பெருசா எழுதி ஒரு போட்டோ எடுத்து கான்ட்ராக்டர், சென்ட்ரிங்காரர், என்ஜினியர் மூணு பேருக்கும் வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க.